ஐந்து முறை பிரித்த கரிக்கட்டி

எங்கள் ஆய்வுக்கூடத்தின் செய்முறைத் தாளில் ஒன்பதாவது வரி இப்படி இருக்கும்: "பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கட்டியை, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிரிக்கக் கூடாது."

போன மாதம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, லிட்டில் இந்தியாவில் எனக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குப் பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் ஷீலா, மீன்தலைக் கறியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த நைன்த் லைன் எதுக்கு? சுத்தி வெச்சதை எந்தக் கூறுகெட்ட ஆளாச்சும் பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்களா?"

"பார்த்தாங்க."

"யாரு?"

"மீனைச் சாப்பிடு. முள்ளு இருக்கு."

அவள் விடவில்லை. இலையை மடிப்பதற்குள் பாதியைச் சொன்னேன். மீதியை எழுதித் தரச் சொன்னாள். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. உயர்நிலை இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் இனிமேல் என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது என்ற நிம்மதி இருக்கிறதே, அது பெரிய தைரியம். அதனால் எழுதுகிறேன்.

நான் செய்த வேலையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நிலக்கரிக்கு எக்ஸ்ரே எடுப்பது. "அதுக்குக் கையா ஒடிஞ்சிருக்கு, காலா ஒடிஞ்சிருக்கு?" என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டார். அவர் பேருந்து ஓட்டியவர். சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் கரியை வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள், கரி ஏற்றிய கப்பல்கள் நம் கடலில் வந்து நிற்கின்றன. அந்தக் கரி நல்லதா, பழசா, எவ்வளவு ஈரம், எவ்வளவு மண் என்று பார்த்துச் சொல்லும் இடம்தான் எங்களுடையது. ஜூரோங்கில், பூன் லே தாண்டி, தொழிற்சாலைகளுக்கு நடுவில்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். பதினைந்து வயதில் சேர்ந்து மின்சுற்றுப் பலகைகளில் ஈயப் பற்று வைத்தேன். பிறகு, வைத்த பற்றை எக்ஸ்ரேயில் பார்த்து, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தேடும் வேலைக்கு மாற்றினார்கள். கண் நல்ல கண், அதோடு பயந்த சுபாவம். ஒரு குமிழியையும் விட மாட்டேன். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும் எங்களை அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளை வளர்த்தேன், ஒரு பள்ளியில் துப்புரவு வேலை பார்த்தேன், கடைசியில் கரிக்கூடத்தில் கட்டி உடைத்துப் பொடியாக்கும் வேலைக்கு வந்தேன். அங்கே புதிதாக எக்ஸ்ரே இயந்திரம் வந்த நாளில், யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்கள். என் கை என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது. கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பரீட்சை ஒன்று எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை தேறினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்த தப்பு புரியாது.

கரிக்கட்டி தகர டப்பாவில் முத்திரையோடு வரும். முத்திரை எண்ணைத் தாளோடு ஒப்பிட்ட பிறகே டப்பாவைத் திறப்பேன். கையுறை போட்டுக் கட்டியை எடுத்து, வீட்டில் மீந்த சோற்றை மூடுவோமே, அந்த ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுவேன். தாளின் வாய் ஒரே பக்கத்தில் வரும்படி மடித்து, அதன்மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பேன். எடை பார்த்து எழுதுவேன். பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாயில், அடியில் நனைத்த காகிதம் போட்டு, அதன்மேல் பஞ்சு மெத்தை வைத்துக் கட்டியை உட்கார வைப்பேன். இயந்திரத்துக்குள் ஒரு சின்னச் சுழல்மேடை இருக்கும். சிவப்புப் புள்ளி எப்போதும் கதவைப் பார்த்து இருக்க வேண்டும். ஈயக் கதவை மூடினால் சிவப்பு விளக்கு எரியும்.

உள்ளே கட்டி கொஞ்சம் திரும்பும், நிற்கும், ஒரு படம். மறுபடி கொஞ்சம் திரும்பும், இன்னொரு படம். இப்படி முழுச் சுற்று வர நாலு மணி நேரம். கட்டி ஒரு முடி அளவு அசைந்தாலும் படத்தில் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் யாரும் வண்டி தள்ளக்கூடாது என்று விரட்டிக்கொண்டே இருப்பேன். கணினி எல்லாப் படங்களையும் சேர்த்து, கட்டியை வெட்டாமலே ரொட்டித் துண்டு போல ஏடு ஏடாகக் காட்டும்.

கரி சாம்பல் நிறமாகத் தெரியும். மண்ணுக்குள் இருந்த காலத்திலேயே விழுந்த விரிசல்களில் தாது படிந்திருக்கும், அவை வெள்ளைக் கோடுகள். தோண்டி எடுத்த பிறகு விழுந்த விரிசலில் ஒன்றும் இருக்காது, அது கறுப்பு. வெட்டி எடுத்து வெயிலிலும் மழையிலும் மாதக் கணக்கில் கிடந்த கரியில் கறுப்புக் கோடுகள் நிறைய இருக்கும். அந்தக் கோடுகள் வழியாகக் காற்று உள்ளே போகும். அப்படிப்பட்ட கரியைக் கப்பலில் குவித்தால் தானாகவே சூடாகும், புகையும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஈரமான கரியை நம் அறையில் காய விட்டாலும் அதே கறுப்புக் கோடு விழும். வெயிலில் விழுந்ததா, நம் மேசையில் விழுந்ததா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் படம் எடுப்பதற்கு முன்பும் பின்பும் எடை பார்ப்பது. எடை குறையவில்லை என்றால் காயவில்லை என்று பொருள்.

என் மேலதிகாரி டாக்டர் யமுனா. திருச்சியிலிருந்து வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் படம் பார்க்கும் விதமே தனி. முதலில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கிழித்து, திரையில் கட்டியின் எண் தெரியும் மூலையில் ஒட்டிவிடுவார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றே பார்ப்பார். என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லுவார். அதற்கு என்ன அர்த்தமாக இருக்கலாம் என்பது அப்புறம். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ஒட்டுத்தாளை எடுப்பார்.

"யார் கட்டின்னு தெரிஞ்சா, நமக்கு என்ன வேணுமோ அதுதான் கண்ணுக்குத் தெரியும் அக்கா."

நான் ஒரு தடவை, இயந்திரம் ஓடி இரண்டு மணி நேரம் ஆன பிறகு, கதவைச் சரியாகப் பூட்டினேனா என்று பதறிப் போய் அவரிடம் நின்றேன். பூட்டாவிட்டால் இயந்திரமே ஓடாது. அது எனக்கும் தெரியும். அவர் இயந்திரத்தை நிறுத்தினார், கதவைத் திறந்து மூடிக் காட்டினார், மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார்.

"ரெண்டு மணி நேரம் போனா போகுது. மனசுல அதையே ஓட்டிட்டு இருந்தா, நீங்க வேற எதையும் பார்க்க மாட்டீங்க" என்றார்.

இனி அந்தக் கட்டியின் கதை.

இந்தோனேசியாவின் கலிமந்தானிலிருந்து கரி ஏற்றி வந்த ஒரு கப்பல் நம் கடலில் நங்கூரம் போட்டு நின்றபோது சரக்கறையிலிருந்து புகை வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரியை வாங்கியவர்கள், புதுக்கரி என்று சொல்லிப் பழைய கரியை ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்து, புதுக்கரி என்று கையெழுத்துப் போட்டவர் நாதன். சரக்கு சோதிப்பவர். எங்கள் கூடத்துக்கு டப்பாக்களைக் கொண்டு வந்து கொடுப்பவரும் அவர்தான். ஏற்றிய அன்றே மூன்று கட்டிகளை மூன்று டப்பாவில் அடைத்து, முத்திரை வைத்து, சிங்கப்பூர் திரும்பியதும் எங்களிடம் கொடுத்திருந்தார். சண்டை வந்தால் பார்ப்பதற்கு என்று எப்போதும் அப்படி வைப்பது வழக்கம்.

இப்போது சண்டை வந்துவிட்டது. ஒரு டப்பாவைத் திறந்து படம் எடுத்துச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் முத்திரையோடு இருக்க வேண்டும், காரணம் எழுதிக் கொடுத்தால்தான் திறக்கலாம். பழைய கரி என்று எங்கள் அறிக்கை சொன்னால், ஒன்று நாதன் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இல்லையென்றால் எதையோ வாங்கிக்கொண்டு போட்டிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் அந்த வேலைக்கு அவரை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அறிக்கை வரும்வரை அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் டப்பாவைத் திறந்தேன். கட்டியைச் சுற்றினேன், சிவப்புப் புள்ளி வைத்தேன். எடைக்குப் போவதற்குள் இயந்திரம் கத்த ஆரம்பித்தது. குளிரூட்டும் நீரில் கோளாறு. பழுது பார்ப்பவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். கட்டியைத் திரும்ப டப்பாவில் போட்டு அடைத்திருக்க வேண்டும். அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தட்டில் வைத்து மூடி வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், தாளுக்குள்ளே பொடிப் பொடியாகத் தண்ணீர்த் துளி.

மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவளுக்கு ஈரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே எல்லாம் காய்ந்த அலமாரியில் இருக்கும், பைக்குள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருக்கும். பலகையில் ஒரு சொட்டு விழுந்தால் மேற்பார்வையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருஷம் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஈரத்தைக் கண்டால் துடை. தாளின் வாயைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தை மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்தேன். கொஞ்ச நேரம் ஆற விட்டு மறுபடி மூடினேன். வீட்டுக்குப் போகுமுன் பார்த்தேன். மறுபடி துளி. மறுபடி பிரித்துத் துடைத்தேன்.

அது கரியின் சொந்தத் தண்ணீர். அதைத்தான் நான் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து பேருந்து பிடிக்கக் கிளம்பினேன்.

"எங்க போற?" என்றார் வீட்டுக்காரர்.

"கரியப் பார்க்க."

"அது எங்கயாச்சும் ஓடிப் போயிடுமா?"

மூன்றாவது தடவை பிரித்தேன். அந்தப் பக்கம் பளபளப்புப் போய், நன்றாகக் காய்ந்திருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குரல்.

"அக்கா, முருங்கைக்காய முறிச்சுப் பார்க்காதீங்க. கடைக்காரர் மொறைக்கிறாரு."

திரும்பினால் நாதன். இழுக்கும் பை முழுக்கக் காய்கறி. முகத்தில் நாலு நாள் தாடி.

"என்ன நாதன், மார்க்கெட்டுக்கெல்லாம் வர்றீங்க?"

"நாலு வாரமா இதுதான் வேலை. வெண்டைக்காய்க்கு சர்வே பண்றேன். எல்லாம் பிரஷ்ஷு. கையெழுத்துப் போடட்டுமா?"

அவர்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் நிறுத்திவிட்டு, பையின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தார்.

"நான் ஒண்ணும் கேட்கலக்கா. கேட்கவும் கூடாது. ஆனா என் கண்ணால பார்த்தேன். உடைச்சா கண்ணாடி மாதிரி மின்னுச்சு. பழைய கரி அப்படி மின்னாது." "உங்க மெஷின் என்ன சொல்லுதோ அதுதான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு தடவை பிரித்துத் துடைத்தேன். மத்தியானம் இயந்திரம் சரியானது. எடை பார்த்தேன், படம் எடுத்தேன், மறுபடி எடை பார்த்தேன். கடைசி எண் வரைக்கும் ஒரே எடை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் யமுனா ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுத் திரையின் முன்னால் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கறுப்பு. நெறைய கறுப்பு" என்றார். "வெளியேருந்து உள்ள போகுது. ஒரு பக்கம் மட்டும் ரொம்ப அதிகம். குவியல்ல அந்தப் பக்கம் மேல இருந்திருக்கும், வெயில் பட்டிருக்கும். வெள்ளைக் கோடு கொஞ்சம்தான். எடை என்னக்கா?"

"மாறல டாக்டர்."

"அப்ப நாம காய விடல. இது முன்னாடியே இருந்தது. பழைய கரி." ஒட்டுத்தாளை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். "நாதன் சாரோடதா" என்று மட்டும் சொன்னார்.

நான் அந்தக் கறுப்புப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் பார்த்து வைக்கும் பக்கம் திரையில் எப்போதும் கீழே வரும். கறுப்பு எல்லாம் கீழே இருந்தது. சிவப்புப் புள்ளி இருந்த பக்கம். தாளின் வாய் இருந்த பக்கம். நான் பிரித்த பக்கம்.

அறையில் வேறு யாருக்கும் இது தெரியாது. தாளில் எடை சரியாக இருக்கிறது. எடை பார்ப்பதற்கு முன் மூன்று நாள் என்ன நடந்தது என்பது எந்தத் தாளிலும் இல்லை. அறிக்கை வியாழக்கிழமை காலை போகும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, கழிப்பறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் கடிதம் அந்த மாதம்தான் வர வேண்டும். அது மானேஜர் மிஸ்டர் கோவின் மேசையில் இருந்தது. வைத்துக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது? படிப்பில்லை, வயதாகிவிட்டது, இப்போது தப்பும் செய்தாயிற்று.

அன்று சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கோப்பிக்கடையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த இன்னொரு டப்பாவத் திறந்தா தெரிஞ்சிடுமா?"

"தெரியும். ஆனா திறக்கணும்னா காரணம் எழுதணும். காரணம் நான்தான்."

"சரி, திறந்து, அதுலயும் விரிசல் இருந்தா?"

"நாதனுக்கும் நல்லது ஒண்ணும் ஆகப் போறதில்ல, எனக்கும் வேலை போயிடும்."

"விரிசல் இல்லன்னா?"

அவர் குழம்பில் பரோட்டாவைத் தோய்த்தார்.

"இதப் பாரு. நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட சொல்லலன்னா, இன்னும் பத்து வருஷம் என்கிட்டதான் சொல்லிட்டு இருப்ப. காலையில, சாப்பிடுறப்ப, படுக்குறப்ப. என்னால முடியாது லா."

வேறு யாராவது பெரிதாக அறிவுரை சொல்லியிருந்தால் பயம் இன்னும் அதிகமாகியிருக்கும். அவர் சொன்னது அப்படியே உண்மை.

புதன்கிழமை காலை டாக்டர் யமுனா பையை மேசையில் வைப்பதற்கு முன்னால் போய் நின்றேன். சொல்ல வேண்டியதைப் பேருந்தில் மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "டாக்டர், நான் பிரிச்சேன்" என்றேன்.

"எத?"

"நாதன் கட்டிய. வெள்ளிக்கிழமையிலேருந்து. ஈரமா இருந்துச்சுன்னு துடைச்சேன்."

"எத்தனை தடவை?"

"நாலு... இல்ல டாக்டர், அஞ்சு."

அவர் திட்டவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. குப்பைக்குப் போக இருந்த ஒரு கரிக்கட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். "எப்படிப் பண்ணீங்கன்னு காட்டுங்க."

சுற்றினேன், பிரித்தேன், துடைத்தேன், ஆற விட்டேன், மூடினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். "இவ்வளவு நேரம்தானா? சனிக்கிழமை இன்னும் கூடவா?" என்று இடையில் கேட்டார். ஐந்து தடவையையும் செய்து காட்டச் சொன்னார். முடித்ததும் கணினியில் உட்கார்ந்து இரண்டாவது டப்பாவைத் திறக்க அனுமதி கேட்டு எழுத ஆரம்பித்தார். பாதியில் திரும்பினார்.

"உங்க பேரப் போடணும் அக்கா. பேரில்லாம எழுதினா, நாம எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும்."

"போடுங்க."

"என் பேரும் வரும். எடையை எப்ப எடுக்கணும்னு செய்முறைல எழுதினது நான். டப்பாவத் திறந்த உடனே எடுக்கணும்னு எழுதல."

மிஸ்டர் கோ அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வொய் யூ ஓப்பன்?"

"ஸ்கேர்ட் லா, சார்."

அவர் தாளை மறுபடி தன் பக்கம் திருப்பினார். பிறகு கையெழுத்துப் போட்டார். "நெக்ஸ்ட் டைம் ஸ்கேர்ட், யூ கால் மீ" என்றார்.

வியாழக்கிழமை போக வேண்டிய அறிக்கை போகவில்லை. அதற்குப் பதிலாக இரண்டாவது டப்பா திறந்தது. டாக்டரும் என் பக்கத்திலேயே நின்றார். திறந்த உடனே எடை. சுற்றிய உடனே எடை. சில நிமிஷத்தில் கட்டி இயந்திரத்துக்குள் போய்விட்டது. நாலு மணி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல், கழுவிய கண்ணாடிக் குடுவைகளையே மறுபடி கழுவினேன். மனசுக்குள் ஒரே கணக்குத்தான். இதிலும் கறுப்பு இருந்தால் நாதன் போச்சு. நான் சொன்னதால் அவருக்கு இன்னும் கேவலம், தப்பிக்க எங்களைக் கைக்குள் போட்டுக்கொண்டார் என்று பேசுவார்கள். ஏன் வாயைத் திறந்தோம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படம் வந்ததும் டாக்டர் ஒட்டுத்தாளை ஒட்டினார். எண் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் ஒட்டினார். பிறகு ஒதுங்கி நின்று, என்னை நடுவில் நிற்கச் சொன்னார்.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க. என்ன தெரியுது?"

"சாம்பல்."

"அப்புறம்?"

"வெள்ளைக் கோடு. ஒண்ணு, ரெண்டு... மூணு. நீளமா."

"கறுப்பு?"

அடுத்த ஏடு, அடுத்த ஏடு என்று அவர் உருட்டிக்கொண்டே போனார். மேலிருந்து கீழே வரைக்கும் போனார். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன்.

"ஒரு மூலையில முடி மாதிரி ஒண்ணு. அவ்வளவுதான் டாக்டர். வேற இல்ல."

"எனக்கும் இல்ல" என்றார் அவர். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதுவரை அவரும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. இரண்டு கட்டி இரண்டு விதமாக இருக்கக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள் என்றார். அதனால் அதே இரண்டாவது கட்டியை, நான் செய்தது போலவே, வெள்ளி, சனி, திங்கள் என்று அதே நாள் கணக்கில் ஐந்து தடவை பிரித்துத் துடைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எடை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. பயந்து பயந்து செய்ததை இந்தத் தடவை அதிகாரபூர்வமாகச் செய்தேன். சனிக்கிழமைக்கு மேல்நேரச் சம்பளம்கூடக் கிடைத்தது. திங்கட்கிழமை மறுபடி படம் எடுத்தோம். கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்பு. முதல் கட்டியின் படத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அக்கா தங்கை போல இருந்தன.

"இது கரி பண்ணினது இல்ல. நீங்க பண்ணினது" என்றார் டாக்டர் யமுனா. என் வாழ்க்கையில் ஒருவர் என் தப்பைச் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான். மத்தியானம் கேண்டீனில் இரண்டு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஒரு வாரத்துப் பசி.

ஏற்றியபோது கரி புதுசுதான் என்று அறிக்கை போனது. பிறகு ஏன் சூடானது என்பதைக் கப்பல்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், அது எங்கள் வேலையில்லை. டாக்டர் செய்முறைத் தாளில் ஒன்பதாவது வரியை எழுதினார். டப்பாவைத் திறந்த உடனே எடை என்று இன்னொரு வரியும் சேர்த்தார். எனக்கு வர வேண்டிய கடிதம் மாதக் கடைசியில் வந்தது. ஒரு வருஷம். அடுத்த வருஷம் இன்னொன்று. போன மாதம் நானாகத்தான் போதும் என்றேன்.

அறிக்கை போய் இரண்டு வாரம் கழித்து நாதன் வந்தார். முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, கையில் புது டப்பாக்கள். அறிக்கையின் நகல் அவருக்கும் போயிருக்கும். அதில் என் பெயர், எத்தனை தடவை, எத்தனை நிமிஷம் எல்லாம் இருக்கிறது. சேமிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

டப்பாக்களை வைத்தார், கையெழுத்து வாங்கினார். போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன நாதன், எல்லாம் முடிஞ்சிடுச்சே?"

"முடிஞ்சிடுச்சு. நீங்க உங்க வேலையப் பாருங்க."

"அப்ப எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"நீங்க பிரிக்கிறீங்களான்னு பார்க்க."

முகத்தில் சிரிப்பில்லை. இரண்டு வாரமாக மனசில் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன். "நாதன், நான் வேணும்னு..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்கா, வீட்ல இருந்த நாள்ல என் பொண்டாட்டி ஒண்ணு கேட்டா. நிஜமா பார்த்துட்டுத்தான் கையெழுத்து போட்டீங்களான்னு. ஒரே ஒரு தடவதான் கேட்டா. அதுக்கப்புறம் அவளும் பேசல, நானும் பேசல. அந்த ரிப்போர்ட்டு வந்ததும் உட்கார வெச்சு முழுசாப் படிச்சுக் காட்டினேன். அஞ்சு தடவ பிரிச்சுத் துடைச்சாங்கன்னு வர்ற இடத்துல அவளுக்குச் சிரிப்பு வந்திடுச்சு. நிறுத்த முடியல அவளால. எனக்கும் வந்திடுச்சு. நீங்க அத எழுத விடாம இருந்திருந்தா, நாங்க ரெண்டு பேரும் எப்ப சிரிச்சிருப்போம்னு தெரியல."

முதல் டப்பாவின் முத்திரையைத் தாளோடு ஒப்பிட்டேன். திறந்தேன், எடை எழுதினேன், சுற்றினேன், புள்ளி வைத்தேன். இயந்திரத்தின் ஈயக் கதவை நான் மூடும் வரைக்கும் நாதன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.